விநியோக மையம் எங்கே வேண்டும்: சைட்டுக்குள்ளா, தடத்தின் வாயிலா, பைபாஸிலா?

கோவைக்கு வடக்கிலும் கிழக்கிலும் தோட்டங்கள் சைட்டுகளாக, அதாவது வீட்டுமனைப் பிரிவுகளாக, மாறிக்கொண்டே போகின்றன. சரவணம்பட்டியில் தொடங்கியது கீரணத்தம், காளப்பட்டி, கோவில்பாளையம் என்று நீண்டு, சூலூர்ப் பக்கம் வேறொரு கிளையாகப் படர்ந்திருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்: 30 அடி ரோடு, 23 அடி ரோடு, மூலையில் பூங்கா. சிக்கல் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து சைட்டுக்குப் போகும் வழி, பல இடங்களில், முன்பு கிளுவை வேலிகளுக்கு நடுவே ஓடிய இட்டேரி என்ற குறுகிய தடம். வேலியை எடுத்து 12 அடிக்குத் தார் போட்டு ஊராட்சிச் சாலை ஆக்கியிருப்பார்கள். எதிரெதிரே ஒரு காரும் குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியும் வந்தால் ஏதாவது ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். முந்நூறு குடும்பங்களின் பால், தண்ணீர், பார்சல், சிமென்ட் அத்தனையும் அந்தத் தடத்தில்தான் போய்வர வேண்டும்.

இதற்கு மருந்தாக உள்ளூர் விநியோக மையம் என்ற யோசனை இப்போது பேசப்படுகிறது. சரக்கை ஓரிடத்தில் இறக்கி, அங்கிருந்து சிறிய வண்டியில் வீடுகளுக்கு அனுப்பினால் வண்டிகள் குறையுமா என்பது கேள்வி. குறையும், ஆனால் எந்தச் சரக்குக்கு மையம், எந்த இடத்தில் மையம் என்ற இரண்டையும் சரியாக எடுத்தால்தான். நம் முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன. சைட்டின் வாயிற்கதவருகே பார்சல் பெட்டகம் (லாக்கர்) வைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் மளிகைக்கடையையோ சொசைட்டி (கூட்டுறவுச் சங்க) குடோனையோ பயன்படுத்தலாம். தடம் மெயின் ரோட்டில் சேரும் முனையில், அதாவது தடத்தின் வாயில், ஒரு பொது மையம் கட்டலாம். பைபாஸ் ஓரத்தில் பல சைட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய மையம் அமைக்கலாம். இவற்றை ஒப்பிடும் முன் சரக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

எது கனம், எது எண்ணிக்கை

மையம் என்றதும் எல்லோருக்கும் ஆன்லைன் பார்சல்தான் நினைவுக்கு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வீடுகள், வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒரு பார்சல் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் நாளுக்கு 150 பார்சல். ஒன்று ஒரு கிலோ என்றாலும் 150 கிலோ. ஒரு சரக்கு ஆட்டோவுக்கே போதாத சுமை. அதே வீடுகள் இரண்டு நாளைக்கு ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன் வாங்கினால் நாளுக்கு 150 கேன், அதாவது 3 டன். முக்கால் டன் ஏற்றும் குட்டியானைக்கு அது 4 நடை. தண்ணீர் போடுபவர் ஒருவராக இருந்தால் 4 நடையோடு முடியும். நாலைந்து பேர் போட்டி போட்டுக்கொண்டு அரை லோடுடன் ஒரே தெருக்களைச் சுற்றினால் நடை இரட்டிப்பாகிறது. இதை யாரும் போக்குவரத்துப் பிரச்சினையாக எண்ணுவதே இல்லை.

பார்சலில் தொல்லை எடையில் இல்லை, நிறுவனங்கள் பல என்பதில் இருக்கிறது. ஆனாலும் பெரிய பையைச் சுமந்து பைக்கில் வரும் இளைஞர் ஒரே சுற்றில் பல வீடுகளை முடித்துவிடுகிறார். நியாயமாகப் பார்த்தால் அவர் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் ஓடுகிறார்.

சாப்பாடும் விரைவு மளிகையும் வேறு ரகம். ஒரு ஆர்டர், ஒரு பைக், ஒரு வீடு. இதற்கெனவே வாடிக்கையாளர் நுழையாத, டெலிவரிக்கு மட்டுமான கடைகள் முளைத்திருக்கின்றன. பார்வைக்கு அவை விநியோக மையம் போலவே இருக்கும். சைட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று வந்தால் பைக் ஓடும் தூரம் குறையும், நடை கூடும். உப்பு தீர்ந்தால் உப்புக்கு ஒரு பைக், அரைமணி கழித்துக் கொத்தமல்லித் தழைக்கு இன்னொன்று. அதை நெரிசல் குறைக்கும் திட்டம் என்று யாராவது விளம்பரப்படுத்தினால் ஏற்க வேண்டியதில்லை.

நான்காவது சரக்கு கட்டுமானப் பொருள். புதிய சைட்டில் உண்மையான கனம் இதுதான், ஆனால் திட்டமிடுபவர்கள் இதைத் தற்காலிகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் பக்கத்தில் மனையை வாங்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகோ ஓய்வு பெற்ற பிறகோ வீடு கட்டுவது வழக்கம். 300 மனையும் நிரம்பப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகிவிடும். அத்தனை ஆண்டும் எம்-சாண்ட் டிப்பர், ஜல்லி லாரி, ஹாலோ பிளாக், கம்பி ஏற்றிய டெம்போ, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் எல்லாம் அதே 12 அடித் தடத்தில் வரும். முதலில் குடிவந்தவர் தம் வீட்டுத் தார்ச்சாலை குழியாவதைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டும்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஹம்மார்பி என்ற பழைய துறைமுக, தொழிற்பகுதியைக் குடியிருப்பாக மாற்றியபோது, இதற்கென்றே நுழைவாயிலில் கட்டுமானப் பொருள் மையம் ஒன்றை 2000-களின் தொடக்கத்தில் நடத்தினார்கள். சில்லறைச் சுமைகள் அங்கே இறங்கி, சேர்த்து அடுக்கப்பட்டு உள்ளே போயின. முழு லாரி அளவுள்ளவை நேராகவே போயின. அந்தப் பிரிவினையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மணலையும் ஜல்லியையும் மையத்தில் இறக்கி மறுபடி ஏற்றுவது வீண்கூலி. யூனிட் கணக்கில் வருவது நேராக மனைக்குப் போகட்டும், நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும். பள்ளி வேன் வரும் காலை நேரத்தில் டிப்பர் கூடாது என்று ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் இருபது மூட்டை சிமென்ட், நாலு பெட்டி டைல்ஸ், ஒரு கட்டு பைப், எலக்ட்ரிக் சாமான் இவைதான் தனித்தனி வண்டியில் நாள்முழுதும் வந்து திரும்பும். மையம் இவற்றுக்கு.

சமையல் எரிவாயுவை விட்டுவிடலாம். உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது, 14.2 கிலோ சிலிண்டர் ஏழுதான் அடங்கும். கோடையில் வரும் தண்ணீர் லாரிக்கும் மையம் மருந்தல்ல, குழாய்தான் மருந்து.

பெட்டகமும் கடையும்

பார்சல் பெட்டகம் ஜெர்மனியிலும் போலந்திலும் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. வாசலில் ரொக்கம் கொடுக்காமல் வாங்கும் பழக்கமும், நடந்து போகிற வழியில் எடுத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கே உண்டு. இங்கே பொருளைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுப்பவர் இன்னும் நிறையப் பேர். சட்டையைப் போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புவோரும் உண்டு. ஓடிபி சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அது புரிய வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஐடி வேலைக்குப் போய்விடும் காளப்பட்டி அடுக்ககத்தில் பெட்டகம் அருமையாக வேலை செய்யும். ஆளில்லாத வீட்டுக்கு இரண்டாம் முறை வரும் நடை மிச்சமாகும். ஆனால் வண்டி வருவது வந்துகொண்டுதான் இருக்கும். நிற்கும் நேரம்தான் குறையும். தனி வீடுகள் நிறைந்த சைட்டுக்கு இதை மட்டும் தீர்வாக எண்ணக்கூடாது.

மளிகைக்கடையில் பார்சலை விட்டுச்செல்வது செலவில்லாத வழி. கடைக்காரருக்கும் ஆள் வரத்து. கடை சிறியது என்பதால் பத்து இருபது பார்சலுக்கு மேல் தாங்காது. மழை பெய்தால் பொருளுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கும் வரும். தீபாவளி வாரத்தில் இந்த ஏற்பாடு உடைந்துவிடும் என்பது என் கணிப்பு.

சொசைட்டி குடோன் அப்படியல்ல. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடமும் குடோனும் உண்டு. உரமூட்டை லாரி வந்து போக வேண்டும் என்பதால் அவை பெரும்பாலும் பெரிய சாலையை ஒட்டியே இருக்கும். சுற்றிலும் தோட்டமெல்லாம் சைட்டாகிப் போன ஊரில் உரம் வாங்க வருவோர் குறைந்து, குடோனில் பாதி காலியாகக் கிடக்கும். நம்பிக்கையான கணக்கு, தணிக்கை, உள்ளூர் ஆள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும் நிறுவனம். நகருக்குள் வடவள்ளி, சிங்காநல்லூர் போன்ற இடங்களில் இதே கணக்கில் உழவர் சந்தை வளாகத்தைப் பார்க்கலாம். காலை வியாபாரம் முடிந்தால் பிற்பகல் முழுதும் அந்தத் தளம் சும்மாதான் கிடக்கிறது. அரசாணை, அனுமதி என்று அலைச்சல் இருக்கும். இருந்தாலும் புதிதாக நிலம் தேடுவதைவிட அது எளிது. தடத்தின் வாயிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் சொசைட்டி குடோன் இருக்குமானால் புதிய மையம் கட்டுவதைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

பைபாஸ் மையம்

நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை போகும் பைபாஸ் ஓரத்தில் ஒரு பெரிய மையம் கட்டி, கோவையின் கிழக்குச் சைட்டுகள் அனைத்துக்கும் அங்கிருந்து அனுப்பலாம் என்று சொல்பவர்கள் உண்டு. காகிதத்தில் இதுதான் மிக அழகான தேர்வு. பெரிய லாரிகள் ஊருக்குள் வரவே வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் குடோன்களுக்குப் பஞ்சமில்லை. நிறுவனங்கள் தங்கள் பார்சலை ஏற்கெனவே அங்கே பிரித்து, சிறு வண்டியில்தான் அனுப்புகின்றன. இன்னொரு மையம் என்றால் இன்னொரு முறை இறக்கி ஏற்றும் கூலி. ஐரோப்பிய நகரங்கள் இப்படிப்பட்ட பெரிய சரக்குச் சேர்ப்பு மையங்களைப் பல முறை தொடங்கிப் பார்த்தன. மானியம் நின்றதும் மூடப்பட்டவை ஏராளம். அந்தக் கூடுதல் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததே முக்கியக் காரணம். நமக்கும் விடை கிடையாது. இப்போதைக்கு இதை ஒதுக்கிவிடலாம்.

தடத்தின் வாயில்

மீதம் இருப்பது தடத்தின் வாயில் வைக்கும் சிறு மையம். இதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, ஊர்தோறும் இருக்கிறது. விடிவதற்குள் ஒரே வண்டி வந்து ஆவின் பூத்தில் பால் டப்களை இறக்கிவிட்டுப் போகிறது. பூத்திலிருந்து மொபெட்டிலும் சைக்கிளிலும் வீடுகளுக்குப் போகிறது. பாலுக்குச் செய்ததைத் தண்ணீர் கேனுக்கும் சிமென்டுக்கும் பார்சலுக்கும் செய்வதுதான் இது. மையத்திலிருந்து வீட்டுக்கு அரை டன் தூக்கும் பேட்டரி மூன்று சக்கர வண்டி ஒன்றிரண்டு போதும். குப்பை எடுக்க உள்ளாட்சிகள் பேட்டரி வண்டிகளைச் சிறு தெருக்களில் ஓட்டிவருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் இருக்காது.

பெரிய இடையூறு வண்டியில் இல்லை, நிறுவனங்களின் மனத்தில் இருக்கிறது. 2018-இல் பெர்லினில் ஐந்து பெரிய பார்சல் நிறுவனங்கள் ஒரே வளாகத்தைப் பகிர்ந்துகொண்டு சரக்கு சைக்கிளில் விநியோகம் செய்த சோதனை நடந்தது. வளாகம் பொது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்டெய்னர், தனி ஆள், தனி சைக்கிள். இடத்தைப் பகிர்ந்தார்கள், சுமையைப் பகிரவில்லை. வாடிக்கையாளரின் வாசலில் தன் சட்டை போட்டவர்தான் நிற்க வேண்டும் என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. பணம், ஓடிபி, திருப்பி அனுப்புதல் எல்லாம் அவர்கள் செயலியில் ஓடுவதால் பொது ஆளிடம் ஒப்படைக்கத் தயங்குவார்கள். ஆகவே பார்சலை நம்பி மையத்தைத் தொடங்கக்கூடாது. தண்ணீர் கேனையும் கட்டுமானச் சில்லறையையும் வைத்துத் தொடங்க வேண்டும். தண்ணீர் போடுபவர்களும் ஹார்டுவேர் கடைக்காரர்களும் உள்ளூர் ஆட்கள். பேசி இணங்கவைக்கலாம், மையத்துக்கு ஒரு கேனுக்கு இவ்வளவு என்று கூலி தீர்மானிக்கலாம். பார்சலுக்கு மையத்தின் சுவரிலேயே பெட்டகம் வைத்துவிட்டால், விரும்பும் நிறுவனம் அதில் போட்டுவிட்டுப் போகும்.

டெலிவரி ஆட்களின் நிலையையும் இங்கே பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கூலி பார்சல் கணக்கில். வாயிலேயே இறக்கிவிட்டால் நேரம் மிச்சம் என்பது உண்மை. அதைக் காட்டி நிறுவனம் பார்சல் கூலியைக் குறைத்துவிட்டால் அவர் வயிற்றில் அடித்த மையமாகிவிடும். மையத்தில் ஒரு கழிப்பறையும் குடிதண்ணீரும் நிழலும் இருந்தாக வேண்டும். அதற்குத் தனி வாதம் தேவையில்லை.

திருப்பூரில் கணக்கே வேறு. பெருமாநல்லூர்ப் பக்கமோ அவிநாசிப் பக்கமோ புது சைட்டில் குடியேறியவர் வீட்டு மாடியில் நாலு தையல் மெஷின் ஓடும். வெட்டிய துணி பண்டல் உள்ளே வரும், தைத்த பீஸ் வெளியே போகும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் வீட்டிலிருந்தே சேலை விற்று நாடெங்கும் பார்சல் அனுப்புகிறார்கள். ஈரோடு பக்கம் சென்னிமலையில் போர்வை. இப்படிப்பட்ட ஊர்களில் சரக்கு வாங்கும் இடம் மட்டுமல்ல வீடு, அனுப்பும் இடமும்தான். மையத்துக்கு இது நல்ல செய்தி. காலையில் இறக்கிய வண்டி காலியாகத் திரும்பாது. மாலையில் பண்டலும் பார்சலும் ஏற்றிப் போகும். கூரியர் நிறுவனமும் வீடு வீடாகப் போய் எடுப்பதைவிட ஓரிடத்தில் நூறு பார்சல் எடுப்பதை விரும்பும். கோவைச் சைட்டில் தட்டுத்தடுமாறி நடக்கும் மையம் திருப்பூரிலும் சேலத்திலும் சொந்தக் காலில் நிற்கக் கூடும்.

நிலம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளிக்குப் போகிறது. அதன் மேல் 1 விழுக்காடு பொதுப் பயன்பாட்டுக்கு. பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. பூங்கா இடத்தைத் தொடக்கூடாது. அதில் கட்டடம் எழுப்பியதை நீதிமன்றங்கள் பல முறை கண்டித்திருக்கின்றன. உள்ளாட்சிக்கு வரும் அந்த அரை விழுக்காடுதான் நமக்கான இடம். 20 ஏக்கர் சைட்டில் சாலைக்கு 30 விழுக்காடு போனால் மீதம் 1,400 சென்ட். அரை விழுக்காடு 7 சென்ட். 3,000 சதுர அடிக்குச் சற்று மேல். ஒரு கூரை, ஒரு மேடை, ஒரு 407 லாரி வந்து திரும்பும் அளவுக்கு முற்றம் என்று அடக்கிவிடலாம். இப்போது இந்த இடங்கள் என்ன ஆகின்றன? மூலையில் கருவேலம் மண்டிக் கிடக்கும், அல்லது யாராவது ஒரு நாள் பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பிள்ளையார் வந்த ரிசர்வ் சைட்டில் (பொதுவுக்கு ஒதுக்கிய இடத்தில்) பிறகு வேறெதுவும் வராது.

சிக்கலின் முடிச்சு இங்கேதான். விதி தரும் நிலம் சைட்டுக்குள் இருக்கிறது; அதாவது தடத்தின் உள்முனையில். நமக்கு மையம் வேண்டியதோ மெயின் ரோட்டு முனையில். உள்முனையில் கட்டினால் எல்லா வண்டியும் அந்த 12 அடித் தடத்தைக் கடந்தே தீர வேண்டும். நெரிசலே இல்லாத 30 அடி ரோட்டில்தான் வண்டி குறையும். சைட் போடுபவர்களின் விளம்பரத்தில் கிளப் ஹவுஸுக்குப் பக்கத்தில் காட்டப்படும் விநியோக மையங்களின் குறை இதுதான். வசதி என்று சொல்லலாம், நெரிசல் குறைப்பு என்று சொல்ல முடியாது.

தீர்க்க முடியாத முடிச்சல்ல. ஒரே தடத்தில் வழக்கமாக மூன்று நான்கு சைட்டுகள் அடுத்தடுத்து வரும். மெயின் ரோட்டை ஒட்டிய முதல் சைட்டின் பொதுப் பயன்பாட்டு நிலம்தான் எல்லோருக்குமான மையத்தின் இடம். பின்னால் வரும் சைட்டுகளின் அரை விழுக்காட்டை ஊராட்சி வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளலாம்: அங்கன்வாடி, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி. முதல் சைட்டின் சொந்தக்காரர் சும்மா சம்மதிக்க மாட்டார். ரோட்டு முகப்பு மனைக்குத்தான் விலை அதிகம், அதைவிட்டுப் பின் மூலையைக் கொடுக்கவே பார்ப்பார். எந்த மூலையில் கொடுப்பது என்பதை அவர் வரைபடத்தில் குறிக்கும்போதே நகர் ஊரமைப்பு அலுவலகம் கேட்டு மாற்ற வேண்டும். ஒப்புதல் கொடுத்து, நிலத்தை உள்ளாட்சிக்குத் தரும் தானப் பத்திரம் பதிவான பிறகு யாராலும் நகர்த்த முடியாது. அடுத்தடுத்த தோட்டங்கள் எவை விற்பனைக்கு வருகின்றன என்பது ஊராட்சிக்குத் தெரியும், வரைபடங்கள் அலுவலகத்துக்கு வரும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும்.

இடம் வாய்த்தாலும் சத்தி ரோடு போன்ற நெடுஞ்சாலையில் மையத்தின் வாசலை நேராகத் திறக்கக்கூடாது. தடத்துக்குள் நூறு இருநூறு அடி தள்ளி வாசல் வைத்து, அந்த நூறு இருநூறு அடியை மட்டும் 30 அடியாக அகலப்படுத்த வேண்டும். இறக்கக் காத்திருக்கும் வண்டி நெடுஞ்சாலையில் வரிசை கட்டினால், சைட்டின் நெரிசலை ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததாகிவிடும். முழுத் தடத்தையும் அகலப்படுத்த இருபுறத் தோட்டக்காரர்களிடமும் நிலம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். வாயில் அந்தச் சிறு நீளத்துக்கு முதல் சைட்காரர் ஒருவரிடம் பேசினால் போதும், அதையும் ஒப்புதல் நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.